அணைந்த விளக்கும் அறிந்த குற்றமும்



அறியாமல் செய்த பிழைக்கு மனிதன் எவ்வளவு பொறுப்பாளி? அறநூலோர் நெடுங்காலமாக ஆராய்ந்து வரும் வினா இது. இதனுள் மற்றொரு வினாவும் அடங்கியிருக்கிறது. ஒருவன் பிழையை அறிந்துகொண்டான். 'நாளை பார்த்துக்கொள்ளலாம்' என விட்டுவிட்டான். நாளை வருமுன் பிறர்க்குத் தீங்கு நேர்ந்தது. இதனை அறியாமை என்பதா, செயல் என்பதா? என்னை இவ்வாறு கேட்க வைத்தது என் காரின் முகப்பு விளக்கு.

சென்ற தை மாதம் உறவினர் இல்லத் திருமணத்திற்காக வந்தவாசிக்குக் குடும்பத்துடன் சென்றிருந்தேன். அதற்கு நான்கு நாட்களுக்கு முன்பே, வண்டியை வீட்டினுள் கொண்டுவரும்போது, வாயிற்கதவில் இரண்டு ஒளிவட்டங்கள் விழவேண்டிய இடத்தில் ஒன்றுதான் விழுந்தது. "அப்பா, ஒரு விளக்குதான் எரிகிறது" என்று மகளும் சொன்னாள். "பார்க்கலாம் அம்மா" என்று கூறி உள்ளே சென்றுவிட்டேன்.

திருமணம் முடிந்து இரவில் செய்யாறு சாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். எதிரே மோட்டார் சைக்கிளில் கணவன், மனைவி, நடுவில் ஒரு குழந்தை. அவர்கள் சாலையின் நடுப்பகுதியை ஒட்டியே வந்தனர். கடைசி நொடியில் அவர் இடப்புறம் ஒடித்தார், நானும் ஒடித்தேன். கைப்பிடி அளவு இடைவெளியில் தப்பினோம். 'எப்படி ஓட்டுகிறார் பார்' என்று முதலில் அவரைத்தான் கடிந்துகொண்டேன். சிறிது தொலைவு சென்ற பிறகே உண்மை புலப்பட்டது. பிழை அவருடையதன்று.

நம் நாட்டில் சாலையின் இடப்புறமாகச் செல்கிறோம். எதிரே வருபவர் நம் வலப்புறமாகக் கடக்கிறார். என் வண்டியில் அணைந்திருந்தது வலப்புற விளக்கு. எரிந்த இடப்புற விளக்கை மட்டும் கண்டவர், சாலையோரமாக ஓர் இருசக்கர வண்டி வருகிறது என்றே எண்ணியிருப்பார். அவர் தம் கண்ணை நம்பினார். அக்கண்ணுக்குப் பொய் காட்டியவன் நான். வாய் திறந்து சொல்வது மட்டுமா பொய்?

மறுநாள் காலையிலேயே பழுதைப் பார்க்க அமர்ந்தேன். என் வண்டியில் இருப்பது எச்-4 வகை ஹாலோஜன் பல்பு. தாழ்ந்த ஒளிக்கு ஒன்று, உயர்ந்த ஒளிக்கு ஒன்று என அதனுள் இரண்டு இழைகள் உண்டு. ஓர் ஒளி மட்டும் போயிருந்தால் இழை அறுந்திருக்கலாம் எனக் கொள்ளலாம். என் விளக்கில் இரண்டுமே இல்லை. எனினும் ஆராயாமல் புதுப் பல்பு ஒன்றை வாங்கி மாட்டினேன்; எரியவில்லை. பிறகே முறையாகத் தேட முற்பட்டேன்.

முறை எளியதுதான். சுவிட்சை அணைத்து, பல்பு ஆறிய பின், எரிகின்ற பக்கத்துப் பல்பைக் கழற்றி எரியாத பக்கத்தில் மாட்ட வேண்டும். எரிந்தால் குற்றம் பழைய பல்பினுடையது. எரியாவிடில் ஃபியூஸ், ஒயர், ஹோல்டர், எர்த் ஆகியவற்றுள் ஒன்றினுடையது. பல்பின் கண்ணாடியை விரலால் தொடலாகாது; விரலின் எண்ணெய்ப்பசை படிந்த இடம் மிகையாகச் சூடேறி, பல்பின் ஆயுள் குறையும். பல வண்டிகளில் இரு விளக்குகளுக்கும் தனித்தனி ஃபியூஸ் உண்டு. போன ஃபியூஸுக்குப் பதிலாக அதே ஆம்பியர் அளவுள்ளதையே போடவேண்டும். கம்பியைச் சுற்றி வைப்பது ஒயரையே எரித்துவிடும்.

என் வண்டியில் ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஹோல்டரைக் கழற்றிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. பிளாஸ்டிக் உருகி, இரண்டு இழைகளுக்கும் பொதுவான எர்த் முனை கருகிக் கிடந்தது.

ஏன் கருகியது? இங்கேதான் என் தலை குனிந்தது. 60/55 வாட் பல்பு போதவில்லை என்று, ஓராண்டுக்கு முன் 100/90 வாட் பல்புகளை நானே வாங்கி மாட்டியிருந்தேன். 12 வோல்ட் மின்சாரத்தில் 60 வாட்டுக்கு 5 ஆம்பியர் ஓடும். 100 வாட்டுக்கு 8 ஆம்பியருக்கும் மேல் ஓடும். மின்னோட்டம் கூடும்போது வெப்பம் அதன் இருமடிப் பெருக்கமாகக் கூடுவதால், இணைப்பில் பிறக்கும் சூடு ஏறத்தாழ இரண்டேமுக்கால் மடங்காகிறது. அதைத் தாங்கும்படி அந்த ஹோல்டர் செய்யப்படவில்லை. எனக்கு வழி நன்றாகத் தெரியவேண்டும் என்று எதிரே வந்தோரின் கண்களை ஓராண்டுக் காலம் கூசச் செய்தேன். அந்த மிகை ஒளியே பின்னர் என் விளக்கை அணைத்தது. வினை செய்தவனையே வந்தடையும் என்று பிறர்க்கு எத்தனை முறை எடுத்துரைத்திருக்கிறேன்! அன்று அதனைக் கையில் ஏந்திப் பார்த்தேன்.

பேச்சு வழக்கில் 'பிரமாதம்' என்றால் சிறப்பு என்று பொருள் கொள்கிறோம். நம் ஆகமங்களிலோ அச்சொல் விழிப்பின்மையைக் குறிக்கும். வினைக்கட்டின் காரணங்களைத் தத்துவார்த்த சூத்திரம் ஐந்தாக வகுக்கிறது. பிரமாதம் அவற்றுள் ஒன்று. கொல்ல வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை என்பது மெய்யே. ஆயினும் கதவில் ஒற்றை ஒளிவட்டத்தைக் கண்ட கணத்திலேயே என் அறியாமை முடிந்துவிட்டது. அதன்பின் கழிந்த நான்கு நாட்களும் நான் செய்த செயலே. மோட்டார் சைக்கிள் தப்பியது அவர்களது நல்வினை. அதனால் என் குற்றம் சிறிதும் குறையவில்லை.

'இல்லறத்தார் இத்தனையும் பார்க்க முடியுமா?' என்று சிலர் வினவலாம். நம் முனிவர்கள் பகலிலும் நான்கு முழ நிலத்தை நோக்கியே அடி வைக்கின்றனர். நாமோ இரவில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறோம். வேகம் கூடக் கூட நோக்க வேண்டிய நிலமும் நீள்கிறதன்றோ? அந்நிலத்தைக் காட்டுவது விளக்கு. அது ஓட்டுபவருக்கு மட்டும் உரியதன்று. எதிரே வருவோர்க்கும், ஓரத்தில் நடப்போர்க்கும், பின்விளக்கின்றிச் செல்லும் கரும்பு வண்டிக்கும் உரியது.

பேட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்றிவிட்டு, பழைய ஒயர்களின் வரிசையைக் குறித்துக்கொண்டு, பீங்கான் ஹோல்டர் ஒன்றைப் பொருத்தினேன். மறுபக்க ஹோல்டரும் பழுப்பேறியிருந்தது; அதனையும் மாற்றினேன். இருபுறமும் 60/55 வாட் பல்புகளே மீண்டும் இடம்பெற்றன. அன்று மாலை சமதளத்தில் நிறுத்திச் சுவரில் ஒளியை வீழ்த்தி, இரண்டும் ஒரே உயரத்தில் தாழ்ந்து விழுவதை உறுதி செய்துகொண்டேன். முழு வேலைக்கும் ஒரு காலைப்பொழுது போதுமானதாயிற்று. நான்கு நாட்கள் எனக்குக் கிடைக்காத காலைப்பொழுது அது!

இன்றைய வண்டிகள் பலவற்றில் எல்.இ.டி. விளக்குகள் உள்ளன, அவற்றை வீட்டில் பிரிக்க இயலாது. தெரியாததைத் தெரிந்தவரிடம் ஒப்படைப்பதும் கடமையே. ஆனால் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதற்குத் தொழில் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மாலையில் புறப்படுமுன் ஒரு சுவர் போதும். வீட்டுப் பிள்ளை ஒருவரை முன்னே நின்று பார்க்கச் சொன்னாலும் போதும். அப்பிள்ளை "ஒன்றுதான் எரிகிறது" என்று சொன்னால், தயவுசெய்து "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அன்றே பாருங்கள்.