ஏமாந்தவர் ஏமாற்றலாமா? – ஓர் அறவியல் நோக்கு

வஞ்சனை பற்றிப் பேசுவோர் பொதுவாக இருவரையே காண்பர். வஞ்சித்தவனுக்குத் தண்டனையும், வஞ்சிக்கப்பட்டவனுக்கு இரக்கமும் (பெரும்பாலும் ஏளனமும்) உரியனவெனக் கொள்வர். ஆயின், இவ்விரு நிலைகளையும் ஒரே மனிதரிடம் சேர்த்துவிடும் வஞ்சனையொன்று உண்டு. பிரமிட் திட்டம் என வழங்கும் அதுவே ஈண்டு நோக்கப்படுகின்றது.

அதன் அமைப்பு எளியது. ஒருவர் பணம் செலுத்திச் சேர்கின்றார். அவர் பிறரைச் சேர்ப்பின் அவர்கள் செலுத்துவதில் ஒரு பங்கு அவருக்கு வரும். ஒவ்வொருவரும் அறுவரைச் சேர்ப்பதாகக் கொண்டால், ஒன்பதாம் படிக்கு ஒரு கோடிக்கு மேற்பட்டோரும், பத்தாம் படிக்கு ஆறு கோடிக்கு மேற்பட்டோரும் வேண்டும். 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டு மக்கள் தொகையோ ஏறத்தாழ 2 கோடி 17 இலட்சம். எந்தப் படியில் நிறுத்தி எண்ணினும், சேர்ந்தோருள் ஆறில் ஐந்து பங்கினர் அடிப்படியிலேயே வெறுங்கையராய் நிற்பர். எனவே நடத்துபவர் நல்லவரா என ஆராய்தல் வீண். கணக்கிலேயே வஞ்சனை உள்ளது. மனமார நம்பிப் பிறரை அழைப்பவரும் வஞ்சிப்பவராகின்றார்.

1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழிற் சட்டம், பின்வந்த திருத்தங்களின் வழியாக, இத்தகைய திட்டங்களைத் தொடங்குவதை மட்டுமன்றி ஊக்குவிப்பதையும் விளம்பரப்படுத்துவதையும் குற்றமாக்கியுள்ளது. 2023இல் இலங்கை மத்திய வங்கி இத்தகையனவெனச் சிலவற்றைப் பெயர் சுட்டி அறிவித்தது, ஒன்மெக்ஸ் டீ.ரீ. அவற்றுள் ஒன்று.

ஏமாறுவோர் கல்லாதவர் என்பது கற்றோர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதல். உயர்வட்டி தந்துவந்த கோல்டன் கீ நிறுவனம் 2008இல் வீழ்ந்தபோது பணமிழந்து நின்றோருள் படித்தவரும் வசதி படைத்தவரும் பலர். மனிதர் ஏமாறுவது பெரும்பாலும் அறிவின்மையால் அன்று. அழைத்தவர் தம்மவர் என்பதாலேயே.

கண்டி மலைநாட்டுத் தமிழர்க்கு இது புதிதன்று. கோப்பிக் காலந்தொட்டுத் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்த கங்காணி அந்நியரல்லர். பெரும்பாலும் அதே ஊரினர், உறவினருங்கூட. தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லி அழைத்து வந்த கதை இன்றும் தோட்டங்களில் வழங்குகின்றது. முற்பணம் கடனாயிற்று, அக்கடனைத் தாங்கிய ‘துண்டு’ முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே ஒழிந்தது. ஆட்களின் தொகைக்கேற்பக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. இவ்விரு முறைகளும் ஒன்றெனக் கூறுதல் பொருந்தாது. ஆயினும் உறவின் நம்பிக்கையைத் தலைக்கு இவ்வளவு எனக் காசாக்குதல் இரண்டிற்கும் பொதுவானது.

இனிக் கடினமான வினாவுக்கு வருவோம். கண்டி நகரக் கடையொன்றில் வேலை செய்யும் ஒருத்தி சங்கிலியை அடகு வைத்து இத்தகைய திட்டத்திற் சேர்கின்றாள்; அயல்வீட்டாரையும் சேர்த்துவிடுகின்றாள். பின்னரே உண்மை தெளிகின்றது. இன்னும் இருவரைச் சேர்த்தால் அவளது பணம் மீளும். தன் இழப்பை ஈடுசெய்வது தற்காப்பன்றோ? அவள் அழைக்காவிடினும் வேறொருவர் அழைப்பாரன்றோ?

இவ்வாதம் நிற்காது. வேறொருவர் அழைத்தால் அவளது தங்கை நூறு கேள்வி கேட்பாள். அக்காள் அழைத்தமையாலேயே ஒன்றும் கேட்காது வருவாள். அந்தக் கேளாமைதான் இங்கு விற்கப்படும் பொருள். அதனை அறிந்து விற்பது அந்நியன் செய்யும் களவினும் கொடிது.

எனினும் அவளை அவ்வழியில் தள்ளுவது ஆசை மட்டுமன்று. இழந்ததை வெளியிற் சொன்னால் ஊர் நகைக்கும். விடுதியறைகளில் நாமும் அவ்வாறே நகைக்கின்றோம். வெட்கத்தை மறைக்க அவளுக்கு எஞ்சும் வழி, இழந்த பணத்தை எவ்வாறேனும் மீட்பதே. அவ்வகையில் நம் நகைப்பும் அத்திட்டத்திற்கு ஆள் சேர்க்கின்றது.

“எனக்கு வரும் பணம் யாருடையது?” என அழைப்பவரைக் கேட்டுப் பார்க்கலாம். விற்ற பொருளின் இலாபம் எனில் அப்பொருளைக் காட்டட்டும். அடுத்துச் சேர்பவரின் பணம் எனில் மேலும் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

தெளிந்தபின் அவள் செய்யத்தக்கது யாது? பொலிசாருக்கும் மத்திய வங்கிக்கும் முறையிடல் வேண்டும்; சங்கிலி மீளும் என்பதற்கு உறுதியில்லை. எனினும் முதலில் அவள் செல்லவேண்டியது தான் சேர்த்துவிட்ட அந்த அயல்வீட்டிற்கே. முறைப்பாடு மறுநாட் காலை வரை பொறுக்கும். அவ்வீட்டாரோ அன்றிரவே தம் உறவினரைத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருக்கக்கூடும்.