வழிவிடுதல் என்னும் தர்மம்

நாற்சந்தியில் காவலர் நின்றால் ஒழுங்கு நிலவுகிறது. அவர் அகன்றால் குழப்பம் மூள்கிறது. அப்படியானால் தர்மம் மனிதனின் உள்ளத்தில் இருக்கிறதா, காவலரின் கைத்தடியில் இருக்கிறதா?

இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில் 1972-ஆம் ஆண்டு விசித்திரமான வட்டச்சந்தி ஒன்று அமைந்தது. ஃபிராங்க் பிளாக்மோர் என்பவர் அதனை வடிவமைத்தார். ஐந்து சாலைகள் கூடும் அவ்விடத்தில் ஐந்து சிறு வட்டங்கள் உள்ளன. அவற்றின் நடுவே மற்றொரு வட்டம். சிறு வட்டங்களை வண்டிகள் வலஞ்சுழியாகவும், நடுவட்டத்தை இடஞ்சுழியாகவும் சுற்றிச் செல்கின்றன. சைகை விளக்குகள் இல்லை. சோதனைக் காலத்தில் ஒவ்வொரு சிறு வட்டத்திலும் காவலர் நின்றார். பின்னர் அவர்கள் விலகினர். ஆயினும் ஓட்டம் நிற்கவில்லை.

இதன் அடிப்படை, அந்நாட்டில் 1966-இல் வந்த ஓர் எளிய விதி: நுழைபவர், வட்டத்திற்குள் இருப்பவருக்கு வழிவிட வேண்டும். அதற்கு முன், முந்தி நுழைவோரால் வட்டமே இறுகிப்போவதுண்டு. உள்ளிருப்பவர் வெளியேற முடியாமல் தடுப்பவன், தன் முன்னுள்ள பாதையையும் தானே அடைத்துக்கொள்கிறான். வினை விதைத்தவனையே வந்தடைகிறது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டுமோ?

‘பிறர் முந்தும்போது நான் மட்டும் வழிவிட்டால் ஏமாளி ஆகமாட்டேனா?’ என்று கேட்கலாம். கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டபின், அப்பகுதியினர் ஆயிரக்கணக்கில் நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறி வேலைக்குச் செல்கின்றனர். பூதிகோட்டையிலிருந்து பங்காருப்பேட்டை ரயில் நிலையத்திற்கு விரையும் தொழிலாளிக்கு, வண்டியைத் தவறவிட்டால் அன்றைய கூலி போய்விடுமே என்ற அச்சம் பொய்யன்று. அவரிடம் பொறுமையை உபதேசிப்பது எளிது.

ஆனால் இறங்குவோரை மறித்து ஏற முயன்றால் எவரும் விரைவில் ஏற முடிவதில்லை. வழிவிடுதல் என்பது தன் உரிமையைத் துறப்பதன்று. முறை வரும்வரை காத்திருப்பது. முறை வந்தபின் தயங்கி நிற்பதும் பின்னால் இருப்பவருக்கு இழைக்கும் தீங்கே. கோழை தன்னை எண்ணி ஒதுங்குகிறான். தர்மவான் பிறரை எண்ணி ஒதுங்குகிறான். வெளித்தோற்றம் ஒன்றுதான், உள்ளமே வேறு.

மேலும், வட்டத்தில் உயர்ந்தோர் தாழ்ந்தோர் இல்லை. இக்கணம் வழிவிடுபவரே மறுகணம் உள்ளே சென்று, பிறர் வழிவிடப் பெறுகிறார். இல்லறத்திலும் பணியிடத்திலும் நிலை இதுவே. ஒருவரின் பொறுமையில்தான் மற்றவரின் பயணம் நடக்கிறது.

காவலர் இல்லாத இடத்திலும் தானே நிற்பவனிடம் தர்மம் குடிகொண்டுள்ளது. அத்தகைய புலனடக்கமே சாதனையின் முதற்படி. அதை இன்றே, நாம் செல்லும் சாலையிலேயே தொடங்குவோமாக.