திருட்டு என்ற சொல்

1976ல் பில் கேட்ஸ், தம் பேஸிக் நிரலைக் காசு கொடுக்காமல் பிரதி எடுத்தவர்களைத் திருடர்கள் என்று சாடிப் பகிரங்கக் கடிதம் எழுதினார். எழுதியவனுக்குக் கூலி வேண்டாமா என்பது அவர் கேள்வி. திறந்த மூலநிரல்காரர்களான எங்களுக்கு அது நெடுநாள் கேலிப்பொருள். 2001ல் மைக்ரோஸாஃப்டின் ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோய் என்றபோதுகூட எனக்கு உள்ளூர சௌகரியமாகவே இருந்தது. திட்டுகிறவன் எதிரே நிற்கும்வரை நம் தர்மத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

2018ல் அதே கம்பெனி, எங்கள் நிரல்கள் குவிந்திருந்த கிட்ஹப்பை 750 கோடி டாலருக்கு வாங்கிற்று. 2021ல், அங்கே பொதுவில் கிடந்த நிரல்களைப் படித்துக் கற்ற எந்திரம் ஒன்று கோபைலட் என்ற பெயரில் வந்தது; மறு வருஷம் அதற்கு மாதக் கட்டணம். திருட்டு என்று கத்தினேன். கத்திய பிறகுதான் உறைத்தது, சொல் யாருடையதென்று.

எடுத்தால் வழிநூலையும் திறந்து வை என்ற நிபந்தனை சில உரிமங்களில் உண்டு. எந்திரம் கற்றது வழிநூலா என்பதை வக்கீல்கள் பார்க்கட்டும். என் சங்கடம் வேறு. எவரும் எடுக்கலாம், எதற்கும் பயன்படுத்தலாம் என்றுதான் எழுதிக் கொடுத்தேன். எவரும் என்று எழுதியபோது மனசில் இருந்தது என்னைப் போன்றவர்கள் மட்டுமே என்பதை அந்தக் கம்பெனி வந்துதான் எனக்குக் காட்டவேண்டியிருந்தது.