ஓரமாப் போ

உத்திரமேரூரில் நான் குரங்கு பெடல் போட்டுச் சைக்கிள் பழகியபோது அப்பா சொல்லித்தந்த சாலை விதி ஒன்றுதான்: "லாரி வந்தா ஓரமா எறங்கிடு." இப்போது மகளுக்கு நானும் அதையே சொல்கிறேன், உறுத்துகிறது. திரும்பிப் பார்ப்பது, கை காட்டுவது, பிரேக் பிடிப்பது எல்லாம் அவள் கற்கவேண்டியவைதான். ஆனால் ஜாக்கிரதையாக இருக்கும் பொறுப்பு முழுக்க அவளுடையதா?

எங்களூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை விதிகள் இருக்கின்றன. வாரியத்துக்கு வருபவரின் வயது 35 முதல் 70 வரை இருக்கவேண்டும் என்கிறது ஒன்று. அதிகாரம் யார் கைக்குப் போகிறதோ அவரிடம்தான் தகுதி கேட்டார்கள். சாலையில் அதிகாரம் கனமான வண்டிக்கு.

அவளிடம் இன்றும் "ஓரமாப் போ" என்றுதான் சொன்னேன். வேற வழி தெரியல. ஆனால் காரில் போகையில் முன்னால் ஒரு சைக்கிள் தெரிந்தால் இப்போதெல்லாம் ஹார்ன் அடிப்பதில்லை, வேகத்தைக் குறைக்கிறேன்.