மெய்யும் அறமும் ஒன்றா?

ஒருவர் சொன்ன சொல் பொய்க்காமல் இருந்துவிட்டால், அவர் தம் கடமையைச் செய்தவர் ஆவாரா? இல்லறத்தார் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கத்தக்க வினா இது. நம் பிள்ளைகள் மேல்நிலை வகுப்புக் கணிதத்தில் பயிலும் மெய் அட்டவணை இதற்குத் துணை செய்யும்.

சிந்தனையின் விதிகளைக் கணித வடிவில் ஆராய்ந்த நூலை ஜார்ஜ் பூல் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1854-இல் வெளியிட்டார். அவ்வழி வளர்ந்த தருக்கத்தில் ஒரு கூற்றுக்கு மெய், பொய் என்னும் இரண்டே மதிப்புகள் உண்டு. ஒரு கூற்றாயின் அட்டவணையில் 2 வரிசைகள், இரண்டாயின் 4, மூன்றாயின் 8. நேரக்கூடிய நிலைகளுள் ஒன்றையும் விடலாகாது என்பதே அட்டவணையை நிரப்பும் முறை.

அதிதி சம்விபாக விரதம் ஏற்ற சாவகர் ஒருவர், "அதிதி வந்தால் உணவளிப்பேன்" என்கிறார் எனக் கொள்வோம். அதிதி வந்தார், உணவளித்தார்: மெய். வந்தார், அளிக்கவில்லை: பொய். அதிதி வரவில்லை, எனினும் பசித்த வேறொருவரைத் தேடிச் சென்று உணவளித்தார்: மெய். வரவில்லை, எவருக்கும் அளிக்கவுமில்லை: இதுவும் மெய்யே!

இறுதி வரிசையைக் கண்டு மாணவர் திகைப்பது இயல்பு. இத்திகைப்பு புதிதன்று. நிபந்தனைக் கூற்றுக்கு இவ்வாறு பொருள் கூறியவர் சுமார் 2300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்கரான பைலோ. அவருடைய ஆசிரியர் டயடோரசே அதனை ஏற்கவில்லை. ஆயினும் கணிதம் பைலோவின் வழியையே கொண்டது. வாக்கு முறிந்ததா என்பதே அட்டவணை கேட்கும் கேள்வி. முறியாத இடமெல்லாம் அதற்கு மெய்.

இன்று அடையாற்றின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் காவலரின் இசைவின்றி எவரும் உள்ளே வர இயலாது. பாதுகாப்புக்கு அது வேண்டியதே. ஆனால் அவ்வாயிலுக்குள் வாழும் நாம் நான்காம் வரிசையிலேயே ஆண்டுகளைக் கழித்துவிடலாம். வாக்கு ஒருநாளும் பொய்க்காது. ஒருவர் பசியும் தீராது.

இதனை உணர்ந்தே நம் முன்னோர், உண்ணும் வேளைக்கு முன் வாயிலில் நின்று அதிதியை எதிர்நோக்கும் ஒழுக்கத்தை வகுத்தனர். வந்தால் அளிப்பது மட்டுமன்று, வருகைக்கு வழி திறந்து வைப்பதும் விரதத்தின் பகுதியே என்பது இதன் கருத்து. வழி அடைபட்ட இடத்தில் வாழ்வோருக்கு மூன்றாம் வரிசை இருக்கிறது. உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களையும் வேண்டுவோர் இருக்குமிடத்திற்கே கொண்டு செல்லலாம்.

மூன்றாம் வரிசைக்கும் நான்காம் வரிசைக்கும் அட்டவணை தரும் மதிப்பு ஒன்றே. அறம் தரும் மதிப்பு ஒன்றன்று. பொய்யாமை நோன்பின் வேலி. ஈகையே அதன் விளைச்சல். வேலியை மட்டும் காத்து நிலத்தைத் தரிசாக விடுதல் இல்லறத்தார்க்கு அழகாகாது.