காம்பு கீழாக



பகவானின் எட்டுப் பிராதிஹாரியங்களுள் ஒன்று பூமாரி. சமவசரணத்தில் தேவர்கள் சொரியும் அம்மலர்கள் காம்பு கீழும் இதழ் மேலுமாக விழுவதைக் கல்யாண மந்திரத் தோத்திரம் வியந்து பேசுகிறது. சுமனஸ் என்னும் வடசொல் மலரையும் குறிக்கும், நன்மனத்தாரையும் குறிக்கும். பந்தனம் என்பது காம்புமாகும், கட்டுமாகும். பகவானை அணுகிய நன்மனத்தாரின் வினைக்கட்டுகள் கீழ்நோக்கிப் போகின்றன என்பது அங்குள்ள நயம்.

ஜப்பானியரின் இகெபனா என்னும் மலர்க்கலையிலும் மலர் காம்பு கீழாகவே நிற்கிறது. நாம் காம்பைக் கிள்ளிச் சரமாகத் தொடுக்கிறோம். அவர்கள் காம்போடு நீரில் நிறுத்துகிறார்கள். அக்கலையும் வழிபாட்டிலிருந்து கிளைத்ததே. கியோட்டோ நகரில் ரொக்ககுதோ என்னும் பௌத்த ஆலயக் குளக்கரையில் வாழ்ந்த குருமார் புத்தருக்கு மலர் வைத்து வந்தனர். இகெனோபோ என்னும் அவர்களது மரபுப் பெயரே குளக்கரைக் குடிலைக் குறிப்பதுதான். அவர்களுள் செங்கெய் என்பவர் 1462-இல் அமைத்த மலர்களைக் காண நகரத்தார் போட்டியிட்டு வந்ததை அக்கால நாட்குறிப்பு ஒன்று கூறுகிறது. அக்கலையில் பெரிய அமைப்புகளும் உண்டு. எனினும் என் உள்ளம் கவர்ந்தவை இரண்டு மூன்று கிளைகளும் ஓரிரு மலர்களும் கொண்டவையே. சுற்றியுள்ள வெற்றிடத்தையும் அவர்கள் அழகின் பங்காகக் கொள்கின்றனர்.

மலர் ஓரறிவுயிரின் உறுப்பு. பூசைக்காக இல்லறத்தார் அதைக் கொய்தல் ஆரம்ப இம்சையில் அடங்கும். அதற்கும் மனம் ஒப்பாத வடநாட்டுத் தேராபந்தியினர் குங்குமப்பூ தோய்த்த அரிசியையே மலராகப் பாவித்து இடுகின்றனர். தமிழ்ச் சமணராகிய நாம் மலரே இடுகிறோம். அதை நான் குறை கூறேன்.

திருமண மேடைக்கு என்ன விடை சொல்வோம்? அனர்த்த தண்ட விரதத்தை விளக்கும் சமந்தபத்திரர், பயனின்றித் தாவரங்களை வெட்டுதலைப் பிரமாத சரியையில் சேர்த்தார். கோவளம் முதல் மாமல்லபுரம் வரையுள்ள கடற்கரை விடுதிகளில் இன்று நடைபெறும் திருமணங்களில் காலையில் சுவர் நிறையக் குத்தப்படும் மலர்கள் மாலையில் குப்பையாகின்றன. அவற்றைக் குத்தி வைக்கும் பச்சை நுரைக்கட்டி 1954-இல் அமெரிக்காவில் தோன்றியது. அது மக்குவதில்லை, நுண்துகளாக உதிர்ந்து நீரில் கலந்து சிற்றுயிர்களின் வயிற்றில் சேர்கிறது. ஓரறிவுயிரில் தொடங்கிய கேடு அவ்வாறு இயங்குயிர்களையும் தொடுகிறது. இதை ஆடம்பரம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட என்னால் இயலவில்லை.

மேடைக்கு அழகே வேண்டாம் என்பதன்று. புன்னை தன் வெண்மலர்களைத் தானே உதிர்க்கிறது. தரையில் விழுந்த மலர் பூசைக்கு ஆகாது என்பது நம் மரபு. வரவேற்பு மேசை உருளிக்கு அது போதும். கொய்தே ஆகவேண்டுமெனில் ஒரு தாழை மடல், இரண்டு செம்பருத்தி. இகெபனாவில் அடியில் வைக்கும் ஊசித்தட்டை ஒருமுறை வாங்கினால் பல்லாண்டு உழைக்கும், நுரைக்கட்டி வேண்டியதில்லை. பெண்ணைப் பெற்றவர் இவ்வளவுதானா என்று சம்பந்தி வீட்டார் கேட்கக்கூடும். பெண்வீட்டாருக்குள்ள அச்சம் அதுதான் என்பதை அறிவேன். ஆகவே முதலில் பிள்ளைவீட்டார் இதைக் கேட்டுப் பெறவேண்டும்.

மலரை மெல்ல உதறி, உள்ளே எறும்போ வண்டோ இருந்தால் போகவிட்டு, அதன்பின் நீரில் வையுங்கள். நீரைத் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். மறுநாளே செடிக்குக் கொட்டிவிடுங்கள்; தேங்கினால் கொசுப்புழு பிறக்கும்.