ரைபாக் எப்போது துரோகியானான்?

சீடன்: ஐயா, நீங்கள் சொன்ன 'தி அசென்ட்' பார்த்தேன். 1977-இல் பெர்லினில் தங்கக் கரடி விருது வாங்கிய படம். போர்ப்படம் என்றால் எல்லோரும் எலெம் கிளிமோவின் 'கம் அண்ட் சீ'யைச் சொல்கிறார்கள். அவர் மனைவி லரீசா ஷெபித்கோ எடுத்த இதைச் சொல்வார் இல்லையே!

குரு: எனக்கும் அந்த வருத்தம் உண்டு. உன்னை உறுத்தியது எது?

சீடன்: ரைபாக். ஜெர்மானியர் பிடியில் பெலாரூஸ். கொரில்லாக்கள் இருவர் உணவு தேடிப் பனியில் போகிறார்கள். சோத்னிகோவ் குண்டடி பட்டு விழுகிறான். தப்பிய ரைபாக் திரும்பி வந்து அவனை இழுத்துக்கொண்டு போகிறான். அவனே பிடிபட்டதும் எதிரியின் போலீசில் சேர்கிறான். எப்போது துரோகியானான்?

குரு: 'முதலில் பிழைப்போம், பிறகு தப்பிப்போம்' என்று கணக்குப் போட்டானே, அப்போதே. மனசைப் பூட்டி வைத்துவிட்டு உடம்பை மட்டும் வாடகைக்கு விடலாம் என்று நம்பினான்.

சீடன்: வாழ ஆசைப்படுவது குற்றமா?

குரு: இல்லை. ஷெபித்கோவும் அவனை வெறுக்கவில்லை. அந்தக் கிராமத் தலைவரை நினைத்துப் பார். ஜெர்மானியர் காலத்துப் பதவியில் இருந்தவர். அவரை எதிரியின் ஆள் என்று ஏசி, ஆட்டைப் பிடுங்கிப் போனவன் ரைபாக். கடைசியில் தூக்குமேடை ஏறியவர் அவர்.

சீடன்: அப்படியானால் ரைபாக்கும் அந்தப் போலீஸ் உடைக்குள் நல்லவனாக இருந்திருக்கலாமே?

குரு: கிழவர் தன் பதவிக்கு விலையாக யாரையும் கொடுக்கவில்லையப்பா. ரைபாக் கொடுத்தான். தோழன் தூக்கிலேறும்போது கொன்றவர்கள் பக்கம் நின்றான். பிறகு பெல்ட்டில் தூக்குப் போட்டுப் பார்க்கிறான், சாவும் வரவில்லை. வாசல் திறந்து கிடக்கிறது. அவன் கணக்குப்படி ஓடவேண்டிய நேரம் அதுதான். கால் நகரவில்லை.

சீடன்: சோத்னிகோவ் மட்டும் என்ன சாதித்தான்? மார்பில் நட்சத்திரம் சுட்டும் வாய் திறக்கவில்லை. பழியையெல்லாம் தன்மேல் போட்டுக்கொண்டான். அப்படியும் கிழவர், யூதச் சிறுமி, மூன்று குழந்தைகளின் தாய் தெம்சிகா, மூவரும் அவனோடு தொங்கினார்கள்.

குரு: ஒருவரையும் காப்பாற்றவில்லை, உண்மைதான். அந்தச் சாவை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் கூட்டத்தில் நின்ற சிறுவன் அவனைப் பார்த்தான். சாகிறவன் அவனைப் பார்த்துப் புன்னகைத்தான். அந்தப் பையன் இனி ரைபாக்கின் கணக்கை அவ்வளவு எளிதில் ஏற்கமாட்டான் என்று நினைக்கிறேன்.

சீடன்: இது படம் பார்க்கிறவரின் ஆறுதல் இல்லையா?

குரு: வெறும் ஆறுதல் என்று சொல்லமாட்டேன். படத்துக்குத் துணை நின்ற பெலாரூஸ் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் மாஷெரோவ் போரில் கொரில்லாவாக இருந்தவர், தாயை ஜெர்மானியருக்குப் பறிகொடுத்தவர். அவர் இதைப் பார்த்து அழுதார். ஷெபித்கோ 1979-இல் சாலை விபத்தில் போய்விட்டார், 41 வயதில். அவர் முடித்த கடைசிப் படம் இது. இன்னொரு முறை பார். இந்த முறை ரைபாக்கின் இடத்தில் உன்னை நிறுத்திப் பார்.